சிலம்பனூர் அரண்மனையில் பொழுது சாயாத நாள்

கரூரில் அமராவதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயில் தெருவில், வருஷத்துக்கு ஒருமுறை தெருவே பூட்டிக்கொண்டு கிளம்பி, ஒரே பேருந்தில் நெருக்கியடித்து ஏறி, எங்காவது ஒரு நாள் போய்விட்டு ராத்திரியே திரும்பி வருகிற பழக்கம் இருந்தது. ஏற்பாடு எல்லாம் கேபிள் டிவி தண்டாயுதம். தெருவில் பாதிப் பேர் போர்வையும் ஜன்னல் திரையும் தைக்கிற கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள், மீதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். சத்தத்திலும் பஞ்சுத் தூசியிலும் வருஷம் முழுக்க இருந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் கோயில் நோம்பியைவிடப் பெரிய நாள். அந்த வருஷம் மேற்கு மலையடிவாரத்துச் சிலம்பனூர் அரண்மனைக்குப் போவது என்று முடிவானது.

துளசிமணி வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அவள் எங்கும் வருவதில்லை என்பது தெருவுக்குப் பழகிப்போன விஷயம். அவள் புருஷன் குழந்தைவேலு தறிப்பட்டறையின் சிமெண்டு ஓட்டைச் சரி செய்ய ஏறி, ஓடு உடைந்து உள்ளே விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் படுத்து வருஷங்கள் ஆகியிருந்தன. அவரைக் குளிப்பாட்டுவதும், புண் வராமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரட்டிப் படுக்க வைப்பதும், உணர்வில்லாத கால்களுக்கு உணர்விருப்பதைப் போல எண்ணெய் தேய்த்து நீவுவதும் அவள் வேலை. ரேஷன் கடை வரிசைக்கு மேல் அவள் எங்கும் நின்றதில்லை. தை பிறந்தால் நடந்துவிடலாம் என்று அவர் சொல்வார், நடந்துவிடலாம் என்று அவளும் சொல்வாள், தை பிறக்கும், போகும், அடுத்த தையைப் பற்றி இரண்டு பேரும் பேச ஆரம்பிப்பார்கள்.

சிலம்பனூர் என்ற பேரைக் கேட்டதும் குழந்தைவேலுதான் கட்டிலில் இருந்தபடியே, "நீ போயே ஆகோணும்" என்று பிடிவாதம் பிடித்தார். கல்யாணத்துக்கு முன்னால் அந்த அரண்மனைக்கு ஜெனரேட்டர் மாட்டி வயர் இழுக்கப் போய் ஒரு வாரம் தங்கியவர் அவர். கல்யாணமான வாரமே உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி, பட்டறையில் வேலை வந்து, அடுத்த மாசம் என்று சொல்லி, மழை வந்து, அடுத்த வருஷம் என்று சொல்லி, அப்படியே தள்ளிப்போன இடம் அது.

"நீங்க இல்லாம நான் என்னத்தப் பாக்கறதுங் மாமா?"

"பாத்துட்டு வந்து சொல்லு. நான் கேட்டுக்கறேன். அந்தத் தோட்டத்துல நொழஞ்சா வெளிய வரவே மனசு வராது, புள்ள."

அரவக்குறிச்சியில் இருந்து அவருடைய தங்கை சம்பூரணம் ஒரு நாள் பார்த்துக்கொள்ள வந்தாள். "அண்ணி, ஒரு நாள் ஒலகம் ஒண்ணும் முழுகிப் போயிறாது" என்று சொல்லி, துணிப்பையில் புளிச்சாதமும் மாற்றுச் சீலையும் அவளே எடுத்து வைத்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பேருந்தில் ஏற்றிவிட்டாள்.

அவர்கள் சிலம்பனூர் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது கழிந்திருந்தது. இரட்டை யானைகள் நுழையும்படியான வாசலும், தேன் நிறத்தில் வழுவழுத்த சுவர்களும், ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத தேக்குத் தூண்களும், தர்பார் மண்டபத்தின் கூரையில் இருந்து தொங்குகிற கண்ணாடிச் சரவிளக்குகளும், எல்லாவற்றுக்கும் பின்னால் மலை வரைக்கும் விரிந்துகொண்டே போகிற தோட்டமும், அதில் அல்லிக்குளமும், கல்மீன் வாயில் இருந்து தண்ணீர் பீச்சுகிற ஊற்றும், பன்னீர் மரமும் நாகலிங்கமும், அந்திமந்தாரைப் பாத்திகளுமாக, தறிச்சத்தம் கேட்டே வளர்ந்த அந்த ஜனங்கள் முதலில் பேச்சு மறந்து நின்றார்கள், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிள்ளைகள் ஓடின. தண்டாயுதம் எல்லோரையும் வரிசையாக உள்ளே அனுப்பினார்.

துளசிமணி மட்டும் தோட்டத்து வாசலுக்கு நேர் எதிரே ஒரு மகிழ மரத்தடியில் இருந்த கல்பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வந்தது தலை சுற்றுகிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றாள். பக்கத்தில் துணிப்பையை வைத்துக்கொண்டாள். மகிழம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. யாரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியிராத, யாரும் கூப்பிடாத ஒரு பிற்பகல் அவள் உடம்பின் மேல் மெல்ல இறங்கியது, கால்கள் கனத்தன, கண்கள் வாசலையே பார்த்தன. இந்தப் பொழுது இப்படியே இருந்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

பொழுது அப்படியே இருந்தது.

மரங்களின் நிழல் மரத்தின் உயரத்துக்கு நீண்டு, அதற்கு மேல் நீளாமல் நின்றுவிட்டது. முதலில் கவனித்தவன் அரண்மனைக் காவலாளி. 'பொழுது சாய்ந்ததும் மூடப்படும்' என்று பலகையில் எழுதியிருந்ததால் அவன் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான், காத்திருந்து காத்திருந்து விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்திமந்தாரை மொட்டுகள் விரியப் போகிற பதத்தில் அப்படியே நின்றன. கூட்டுக்குத் திரும்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் மைனாக்கள் கிளைகளில் உட்கார்ந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "என்னங்க, இன்னும் வெயில் எறங்கலயே" என்று கேட்டார் தண்டாயுதம். "எறங்கும் எறங்கும், அதுக்கு என்ன அவசரம்" என்று காவலாளி சொன்னான். கொண்டுவந்த புளிச்சாதம் தீர்ந்தது, பசித்தது, மறுபடியும் பசித்தது, சூரியன் மலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி தொங்கியது.

சிலம்பனூரில் மட்டுமல்ல, கரூரிலும் அப்படித்தான் என்று தொலைபேசியில் சொன்னார்கள். கடிகாரங்கள் ஓடினதென்னவோ வாஸ்தவம், ஆனால் ஜன்னலைப் பார்த்தவர்கள் யாரும் கடிகாரத்தை நம்பவில்லை. சாயரட்சை பூஜைக்குக் கற்பூரத்தை ஏந்தியபடி அர்ச்சகர்கள் காத்திருந்தார்கள். நாளைய பத்திரிகையை அச்சடிக்க நாளை வராததால் இன்றைய பத்திரிகையையே மறுபடி மறுபடி கொஞ்சம் மாற்றி அச்சடித்தார்கள். இருட்டினால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எல்லா ஊர்த் தெருக்களிலும் விளையாடிக்கொண்டே இருந்தார்கள், யாரும் அவர்களைக் குற்றம் சொல்ல முடியவில்லை. ராத்திரி ஷிப்டுக்காரர்கள் வீட்டில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாக்குக் கொடுத்தவர்கள், "நாளைக்குன்னுதானே சொன்னேன்" என்று நிம்மதியாகச் சொன்னார்கள்.

ஒரு நாளுக்காக வந்தவர்கள் அந்த ஒரு நாளிலேயே குடித்தனம் நடத்த வேண்டியதாயிற்று. பேருந்தை எடுத்துப் பார்க்காமல் இல்லை. எல்லோரும் ஏறி உட்கார்ந்து, வாசலைத் தாண்டி, சாலையில் வெகுதூரம் போய், ஒரு வளைவு திரும்பினால் மறுபடியும் இரட்டை யானை வாசல்தான் வந்தது. வெளியில் இருந்து வருகிறவர்களால் வர முடிந்தது, போக முடிந்தது. இவர்களுக்குத்தான் நாள் முடியவில்லை. ராஜா காலத்துக்குப் பிறகு அடுப்பெரியாத மடைப்பள்ளியில் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். கீழே இருக்கிற கிராமத்தில் இருந்து அரிசியும் கத்திரிக்காயும் வந்தன. வெளிச்சம் புகாத அந்தப்புரத்து உள்ளறைகளில் முறை வைத்துத் தூங்கினார்கள். ஊற்றில் துணி துவைத்து, ராணிகள் சாய்ந்து நின்ற மாடத்துக் கைப்பிடிகளில் காயப்போட்டார்கள். அந்த வெயிலுக்குப் போட்ட கையோடு காய்ந்தது. தர்பார் மண்டபத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு டீச்சர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள், சிம்மாசனத்துக்கு முன்னால் நின்று பிள்ளைகள் ராகம் போட்டுச் சொன்னார்கள், சரவிளக்குகள் அதற்குத் தக்கபடி கிணுகிணுத்தன.

மேகலா என்று தெருவில் ஒரு பெண், அடுத்த வாரம் கல்யாணம் நிச்சயமானவள், பிடித்தும் பிடிக்காமலும் இருந்தவள். அடுத்த வாரம் வரவில்லை என்றதும் மாப்பிள்ளைப் பையனே பைக்கை எடுத்துக்கொண்டு சிலம்பனூருக்கு வந்துவிட்டான். இரண்டு பேரும் அல்லிக்குளத்துப் படியில் உட்கார்ந்து பேசினார்கள். பேச நேரம் இருந்ததால் பேசினார்கள், பேச ஒன்றும் இல்லாமல் போன பிறகும் உட்கார்ந்திருந்தார்கள், பிறகு அவளுக்கு அவனைப் பிடித்துப்போய் விட்டது. அதற்கப்புறம் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களில் அவள்தான் முதல் ஆள்.

பேருந்து டிரைவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "வண்டி நவுராட்டி எங்கயோ பிரேக்கு புடிச்சிருக்குதுன்னு அர்த்தம். பொழுது நவுராட்டி, இந்தக் கூட்டத்துல யாரோ ஒருத்தரு மனசு புடிச்சு வெச்சிருக்குதுன்னு அர்த்தம். வேற என்ன?"

எல்லோரும் அதைச் சரிதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். யார் மனசு என்று யாரும் கேட்கவில்லை. பிறகு துளசிமணியின் எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி எழுந்து, "என்ற மனசுதான்" என்றாள். "வீட்டுக்குப் போனா மருமகளோட மல்லுக் கட்டோணும். போக வேண்டாம்னுதான் நெனச்சேன். இப்ப நெனக்கல, போலாம் வாங்க." அவள் தோட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். எல்லோரும் சூரியனைப் பார்த்தார்கள். அது அங்கேயே இருந்தது. அடுத்து தண்டாயுதம், "இல்ல, நானாத்தான் இருக்கும், போனா கேபிள் பணத்துக்கு வீடு வீடா அலையோணும்" என்றார். அப்புறம் டீச்சர். அப்புறம் டிரைவரே. ஒவ்வொருவராக என் மனசுதான், என் மனசுதான் என்று முன்வந்து, ஏதோ ஒரு காரணம் சொல்லி, தோட்டத்துக்குக் கும்பிடு போட்டுப் பேருந்தில் ஏறினார்கள். சூரியன் அசையாததைப் பார்த்து ஒவ்வொருவராக இறங்கி, அடுப்பைப் பார்க்கப் போனார்கள்.

துளசிமணியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கல்பெஞ்சுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். உட்காரலாமா என்று யாராவது கேட்டால், அவள் பக்கத்தில் இருந்த பையின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஆளு வருதுங்க" என்பாள். கேட்டவர்கள் சரி என்று போய்விடுவார்கள். தூங்கப் போகிறபோதும் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போவாள். அந்த இடத்தில் ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை. அரண்மனைக்குள்ளே தூங்க மட்டும் பின்வாசல் வழியாகப் போய் வருவாளே தவிர, தர்பாரையோ மாடங்களையோ அவள் இன்னும் பார்க்கவில்லை என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்குப் பேசுவாள். சம்பூரணம் எடுப்பாள். "அண்ணன் நல்லா இருக்குதுங் அண்ணி. நீங்க நிதானமா வாங்க" என்று ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வாள்.

கீழே கிராமத்தில் இருந்து மோர் கொண்டுவருகிறவள் பேச்சி. மெலிந்த, வேகமாக நடக்கிற பெண். முதன்முதலாக வந்தபோது அவள் பானையை இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் விழுந்து கும்பிட்டாள். அவளுடைய அப்பாவுக்கு இந்த ராத்திரி தாண்டாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டாராம். "ராத்திரியே வராம பண்ணிட்டீகளே, நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அதைக் கேட்டுத் துளசிமணிக்கு நெஞ்சு நிறைந்தது. அதற்குப் பிறகு பேச்சி வரும்போதெல்லாம் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்பாள். அப்பா கஞ்சி குடித்தார், அப்பா சின்ன வயசில் ஆற்றில் மீன் பிடித்ததைச் சொன்னார், என் கல்யாணத்துக்கு வராத சித்தப்பனைக் கூப்பிட்டுப் பேசினார் என்று பேச்சி சொல்வாள், துளசிமணி ஆவலோடு கேட்டுக்கொள்வாள்.

ஒருமுறை பேச்சி வந்து பானையை இறக்காமல் நின்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அப்பா என்ன சொல்றாரு பேச்சி?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரு அக்கா. சொல்லவேண்டியது எல்லாம் சொல்லியாச்சு, கேக்க வேண்டியதும் கேட்டாச்சுங்காரு. கண்ண மூடுனா இமை வழியா வெளிச்சம் குத்துதாம். 'ஒரு பொட்டு இருட்டு கெடைச்சா நல்லாத் தூங்கிருவேன் தாயி'ன்னு என் கையப் புடிச்சுக் கேக்காரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் இருட்டுக்கு எங்கக்கா போவேன்? அவரு போகணும்னு நான் எப்படி நெனைப்பேன்? ஆனா அவரு கேக்காரே."

அவள் போன பிறகு அதுவரைக்கும் நினைக்காத ஒன்று துளசிமணியின் நினைவுக்கு வந்தது. அவர்கள் வீட்டில் கட்டில் கிடப்பது மேற்கு ஜன்னல் ஓரம். இந்தச் சூரியன் அந்த ஜன்னலுக்கு நேராகத்தான் நிற்கும்.

தொலைபேசியை எடுத்தாள்.

"சம்பூரணம், நெசமாச் சொல்லு. உங்கண்ணன் தூங்குனாரா?"

"நீங்க சாப்புட்டீங்களாங் அண்ணி?" என்றாள் சம்பூரணம்.

"சொல்லு சாமி."

"இல்லீங் அண்ணி. கண்ணு செவந்து கெடக்குது. வெயிலு நேரா மூஞ்சில. கட்டில நவுத்தலாம்னா என்னால ஒருத்தியா ஆவல, தெருவுல ஆளும் இல்ல. ஜன்னலுக்குப் போர்வையக் கட்டுனேன். அண்ணன் அவுத்துப் போடுங்குது."

"ஏன்?"

"'அவளும் இந்த வெயில்லதான் உக்காந்திருப்பா, எம்மேலயும் விழட்டும்'ங்குது. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு."

மகிழம்பூ ஒன்று அவள் மடியில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. "அவருகிட்டக் குடு" என்றாள்.

குழந்தைவேலுவின் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "ஏம்புள்ள, நல்லாப் பாத்தியா? தர்பாருக் கூரையில சரவெளக்கு இன்னும் தொங்குதா? நான் மாட்டுன வயரு அது."

"நான் இன்னும் உள்ளயே போகலீங் மாமா."

"போகலயா? இத்தன பொழுதுமா?"

"வாசலுக்கு நேரா ஒரு பெஞ்சு. அதுல உக்காந்திருக்கேன். பக்கத்துல எடம் போட்டு வெச்சிருக்கேன்."

"யாருக்கு?"

அவள் வாசலைப் பார்த்தாள். அந்த வாசல் வழியாக எத்தனையோ பேர் வந்திருந்தார்கள், அரிசி மூட்டை வந்தது, மாப்பிள்ளைப் பையன் வந்தான், பேச்சி வந்து வந்து போனாள். ஒவ்வொரு தடவையும் அவள் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தாள். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரைக்கும் மடித்து விட்டுக்கொண்டு, தறிப்பட்டறைக்காரர்களுக்கே உரிய அந்தக் கொஞ்சம் சாய்ந்த நடையில், தாமதமானதற்குச் சிரித்து மழுப்பிக்கொண்டு ஒரு ஆள் வருவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள் என்பதை, யாருக்கு என்று அவர் கேட்ட பிறகுதான் அவளே அறிந்தாள்.

"நீங்க வருவீங்கன்னுங்" என்றாள்.

தொலைபேசியில், வெகுதூரத்தில், பக்கத்துத் தெருவில் ஏதோ ஒரு பிள்ளை கூவி விளையாடுகிற சத்தம் கேட்டது.

"கண்ணு, நான் வரமாட்டேன்" என்றார் அவர்.

"தெரியுங்."

"நடந்து வரமாட்டேன் புள்ள. வர்ற தையிலயும் இல்ல. அதுக்கடுத்த தையிலயும் இல்ல."

"தெரியுங் மாமா."

"எப்பருந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரியில டாக்டரு சொன்ன அன்னிக்கே. உங்களுக்குங்?"

"எனக்கும் அன்னிக்கேதான். உனக்காவத்தான் தை தைன்னேன்."

"நானும் உங்களுக்காவத்தானுங்."

பிறகு அவர் சொன்னார்: "அந்தச் சக்கர நாற்காலி, டாக்டரு வாங்கச் சொன்னது, அபசகுனம்னு நாம வேண்டாமுன்னமே. அத வாங்கிறலாமா?"

அவளுக்கு அழுகை வந்தது. தெருவில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை, அடுப்படியிலும் குளியலறையிலும் யாருக்கும் கேட்காமல் அழுது பழகியவள் அவள். இப்போது கல்பெஞ்சில் உட்கார்ந்து, வாய்விட்டு, தோள் குலுங்க, அந்த வெள்ளைச் சட்டைக்காரனுக்காக, அவன் நடைக்காக, அவன் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக் கூட்டிப் போகாத எல்லா இடங்களுக்காகவும் அழுதாள். அவர் அந்தப் பக்கம் தொலைபேசியை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். மடைப்பள்ளியில் இருந்த பெண்கள் கையில் கரண்டியோடு வெளியே வந்து தூரத்திலேயே நின்றார்கள்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது, பெஞ்சின் மேல் இருந்த மகிழ மரத்தின் நிழல் அவள் காலைத் தாண்டிப் போயிருந்தது.

கிருஷ்ணவேணிதான் கிட்டே வந்தாள். துளசிமணி அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கெல்லாம் மொதல்லயே தெரியுமாக்கா?"

"என்னது?"

"என்ற மனசுதான்னு."

"உன்னுதுன்னு யாரு சொன்னா? என்னுதுதான்" என்றாள் கிருஷ்ணவேணி. "என்ற மருமகள நெனச்சாலே எனக்கு வீட்டுக்குப் போக ஆவல." அப்புறம் அவள் குரல் இறங்கியது. "நீ இத்தன வருஷத்துல ஒரு நாளு உக்காந்து நாங்க பாத்ததில்ல புள்ள. உக்காந்திருக்கறவளப் போயி எந்திரிங்கறதா? வா. பொழுதோட அரமனையப் பாத்துருவோம்."

துளசிமணி எழுந்து அரண்மனைக்குள் போனாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. மேகலாவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். தேக்குத் தூண்களுக்கு நடுவே செம்பட்டு விரித்த மாதிரி கடைசி வெயில் நீண்டு கிடந்தது. அதன் மேல் நடந்து போய் துளசிமணி தர்பாரின் கூரையைப் பார்த்தாள், சரவிளக்கைப் பார்த்தாள், அதற்குப் போகிற வயர் சுவரோடு சுவராக ஒரு கோணல் இல்லாமல் அடிக்கப்பட்டிருந்ததைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். மாடத்துக்கு ஏறினாள். அங்கிருந்து பார்த்தபோது தோட்டம் முழுக்கக் கீழே தெரிந்தது, வெயில் அதைவிட்டு மெதுவாக, திரையை இழுப்பதைப் போல, மலைப்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. வெயில் நகர்ந்துபோன பாத்திகளில் எல்லாம் அந்திமந்தாரை ஒவ்வொன்றாக விரிந்தது. இத்தனை நாள் தேக்கி வைத்திருந்த வாசனை முழுதும் ஒரே மூச்சில் மேலே வந்தது. மைனாக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. காவலாளி சட்டைப்பையில் இருந்து விசிலை எடுத்து, துடைத்து, ஊதினான்.

இருட்டு லேசாகக் கவிந்தபோது கீழே கிராமத்தில் இருந்து சங்குச் சத்தம் கேட்டது. துளசிமணி மாடத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தம் ஓய்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள். பிறகு தண்டாயுதத்திடம் சொல்லி, பேருந்தைக் கிராமத்து வழியாக விடச் சொன்னாள். பேச்சி வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கி, கும்பிட்டு, கொஞ்ச நேரம் நின்றார்கள். பேச்சி ஓடிவந்து துளசிமணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எம்மேல கோவமா பேச்சி?"

"இல்லக்கா. ஒருக்களிச்சுப் படுத்து, பிள்ளை மாதிரி கைய மடக்கி வச்சுக்கிட்டுத் தூங்கினாரு. முழிச்சா கேக்கணும்னு எனக்குத்தான் இன்னும் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு."

என்ன அது என்று துளசிமணி கேட்கவில்லை. பேச்சியும் சொல்லவில்லை.

வளைவு திரும்பியபோது இந்தத் தடவை சாலைதான் வந்தது. டிரைவரைத் தவிரப் பேருந்தில் எல்லோரும் தூங்கிப்போனார்கள். வழியெல்லாம் ஊர்கள் தூங்கின, தெருவில் விளையாடிய பிள்ளைகளை அப்பன்மார் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள், அர்ச்சகர்கள் கற்பூரத்தைக் காட்டிய கையோடு கோயில் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தார்கள். அத்தனை பெரிய பகலுக்கு அந்த ஒரு ராத்திரி போதவில்லை என்றும், அது வழக்கத்தைவிடச் சீக்கிரமே விடிந்துவிட்டது என்றும் அந்தச் சீமையில் இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.

துளசிமணி விடிகாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது சம்பூரணம் தரையில் சாய்ந்த இடத்திலேயே அசந்து தூங்கிக் கிடந்தாள். குழந்தைவேலு கட்டிலில் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தின் ஒரு பக்கம், ஜன்னல் பக்கம், வெயில் பட்டுக் கறுத்திருந்தது. தன் முகத்திலும் ஒரு பக்கம் அப்படித்தான் கறுத்திருக்கும் என்று அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய நேரம். புரட்டினால் விழித்துவிடுவார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எழுப்பிச் சொல்ல வேண்டும் என்ற ஆசை தொண்டை வரைக்கும் வந்து நின்றது, தூங்கட்டும் என்று அதை விழுங்கிக்கொண்டு, வெளியே வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

வெயில் ஏறிய பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டனுங்."

அவர் கைகளை ஊன்றி உடம்பைக் கஷ்டப்பட்டு நகர்த்தி, பக்கத்தில் ஒரு ஆள் சாய்கிற அளவுக்கு இடம் பண்ணினார். அவள் சாய்ந்துகொண்டாள்.

"சொல்லு" என்றார். "எப்பிடி இருந்துச்சு?"

தேக்குத் தூணில் இருந்து ஆரம்பிப்பதா, அல்லிக்குளத்தில் இருந்து ஆரம்பிப்பதா என்று அவள் யோசித்தாள்.

"சாயங்காலந்தானுங் மாமா நல்லா இருந்துச்சு" என்றாள்.